மூடும் முன் பார்த்தவை: சத்துவாச்சாரி மலையடியில் ஒரு மாடி வீடும் அதன் சைட் பொறுப்பாளரும்

வீடு கட்டி முடிந்தபின் வருகிறவர் பார்ப்பது பெயின்ட், டைல்ஸ், தேக்குக் கதவு. வீட்டைத் தாங்கி நிற்பவையோ கண்ணில் படாது. கடைக்கால் எந்த மண்ணில் உட்கார்ந்தது, தூணுக்குள் வளையம் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, பால்கனி மேல்கம்பி எந்த உயரத்தில் நின்றது எல்லாம் கான்கிரீட்டுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போய்விடும். அவற்றைக் கடைசியாகக் கண்ணால் பார்க்கிறவர் சைட் பொறுப்பாளர். சைட்டில் அவரை ‘சூப்பர்வைசர் சார்’ என்றும் ‘இன்ஜினியர் தம்பி’ என்றும் கூப்பிடுவார்கள். பெயர் எதுவானாலும், மூடும் முன் எதைப் பார்த்தார், பார்த்ததை எப்படி எழுதி வைத்தார் என்பதை வைத்துத்தான் அவருடைய தொழில் வளர்கிறது.

இங்கே வரும் வீடு ஒரு மாதிரி. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டார சைட்களில் அடிக்கடி எழும் நிலைமைகளை ஒரே வீட்டில் சேர்த்து வைத்திருக்கிறோம். பொறுப்பாளரும் அப்படித்தான், பலரைச் சேர்த்த ஒருவர். அளவுகளும் கணக்குகளும் வேலைக்கு உதவும்படி போட்டவை.

வீடு தரைத்தளமும் மேலே ஒரு மாடியும். ஒவ்வொரு தளமும் 1,000 சதுர அடி, முன்பக்கம் 4 அடி பால்கனி. மனை சத்துவாச்சாரி மலையடிப் பக்கம், பின்னாலிருந்து முன்னால் சரிகிறது. வரைபடம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போட்டது, கான்கிரீட் எம்20 தரம் (28 நாளில் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்குவது), சிமென்ட், மணல், ஜல்லி 1க்கு 1½க்கு 3 கலவை, சிமென்ட் பி.பி.சி. (சாம்பல் கலந்த வகை); கம்பி எஃப்.இ.500 தரம். பொறுப்பாளர் டிப்ளமோ சிவில் முடித்து, காட்பாடியில் ஒரு மூத்தவரிடம் இரண்டு வருடம் உதவியாளராக இருந்தவர். தனியாக ஏற்கும் முதல் வேலை இது. கான்ட்ராக்டருக்கு மூன்று சைட் ஓடுவதால் நாளுக்கு ஒருமுறைதான் வந்துபோவார்.

அரைப் பாறை, அரை மண்

வேலூரைச் சுற்றிப் பாறைக் குன்றுகள். அடிவார மனைகளில் பின்பக்கம் தோண்டினால் சீக்கிரம் பாறை வந்துவிடும். முன்பக்கம் யாரோ எப்போதோ கொட்டி நிரவிய மண்ணாக இருக்கும். இந்த மனையிலும் 9 குழிகளில் பின்வரிசையில் 3 அடியிலேயே பாறை தட்டியது. முன்பக்கத்து 4 குழிகளில் 5 அடி போன பிறகும் ஓட்டுத்துண்டும் பாலித்தீனும் வந்துகொண்டிருந்தன.

மேஸ்திரி இரண்டு பக்கமும் வேலை முடிந்ததாகவே நினைத்தார். “பின்னாடி பாறை சார், அதுக்கு மேல இன்னா வேணும்? முன்னாடி டிராயிங்ல அஞ்சடி, அஞ்சடி எடுத்தாச்சு.” வரைபடத்தில் எழுதியிருக்கும் ஆழம் ஒரு எதிர்பார்ப்பு. உண்மையில் வேண்டியது அந்த எடையைத் தாங்கும் மண். பாறை இறங்காது, நிரவிய மண் இறங்கும். ஒரே வீட்டின் பாதி நின்றுகொண்டு பாதி இறங்கினால், இரண்டொரு மழைக்காலத்தில் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அதைப் பூச்சு போட்டு மறைக்கலாம், நிறுத்த முடியாது.

பொறுப்பாளர் இங்கே செய்த சரியான காரியம், தானே முடிவு எடுக்காமல் இருந்தது. குழிக்குள் டேப்பை நிறுத்தி, அளவு தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுத்து, ‘எந்தக் குழியில் எத்தனை அடியில் என்ன மண்’ என்று ஒரு தாளில் எழுதி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு அனுப்பினார். பதில் அன்று மாலையே வந்தது. முன்பக்கம் கெட்டிச் சரளை வரும்வரை இறங்கி, கூடுதல் ஆழத்தை வெறும் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். பின்பக்கம் பாறையின் உளுத்த மேல்தோலை நீக்கி, சரிவைப் படியாக வெட்டி மட்டமாக்கி, துளை போட்டு, கடைக்காலைப் பாறையோடு பிடிக்கும் முளைக்கம்பி இறக்க வேண்டும். படம் தெளிவாக இருந்ததால் பதிலும் சீக்கிரம் வந்தது. ‘சார், மண்ணு சரியில்ல, வந்து பாருங்க’ என்று போனில் சொல்லியிருந்தால் இரண்டு நாள் ஓடியிருக்கும்.

சரளை 7 அடியில் கிடைத்தது. 5 அடியைத் தாண்டிய குழிக்குள் ஆள் இறங்குவதென்றால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகை முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 5 அடி தள்ளித்தான் கொட்ட வேண்டும். நிரவிய மண் சொல்லாமல் சரியும், குழிக்குள் குனிந்திருப்பவருக்கு ஓட வழியிருக்காது. ‘ரெண்டு நிமிஷ வேலைதான்’ என்று இறங்குகிறவரைத் தடுப்பதும் பொறுப்பாளரின் வேலையே. அதற்கு மேஸ்திரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இந்தக் கட்டத்தில் பலர் கோட்டைவிடும் ஒன்று அளவு. 4 குழி, 5க்கு 5 அடி, 2 அடி கூடுதல் ஆழம்: 200 கன அடி. இதைக் கான்கிரீட் கொட்டும் முன் வீட்டுக்காரரையும் மேஸ்திரியையும் பக்கத்தில் வைத்து அளந்து மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். மூடிய பிறகு அந்த 2 அடியை யாராலும் நிரூபிக்க முடியாது, பில் நாளில் சண்டைதான் வரும்.

தண்ணீரையும் சொல்லிவிட வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது நாடறிந்த விஷயம். 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அந்தப் பக்கம் வேலை என்றால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் சிமென்ட்டில் ஊற்றக்கூடாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அதன்படி கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு ஆகாது, பி.எச். 6க்குக் கீழே போகக்கூடாது. குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஊதி கான்கிரீட் வெடிக்க ஆண்டுகள் ஆகும். அதற்குள் எல்லாரும் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள். சத்துவாச்சாரி சைட்டுக்கு லாரித் தண்ணீர் வந்தது. லாரி எங்கே நிரப்புகிறது என்று கேட்டு, அந்தக் கிணற்றின் மாதிரியைப் பொறுப்பாளர் ஆய்வுக்குக் கொடுத்தார்.

தூண் வேலையில் சொல்ல அதிகமில்லை. தூக்குக்குண்டு, 40 மி.மீ. கவர் பிளாக் (கம்பிக்கும் அச்சுக்கும் இடைவெளி விடும் கட்டை), வளையத்தின் கொக்கி 135 டிகிரி உள்நோக்கி மடங்கியிருப்பது, இந்த மூன்றையும் பார்த்தால் தூணில் வரும் தவறுகளில் பெரும்பாதி நிற்கும். வளையத்தை 90 டிகிரியில் மடக்குவது கம்பி கட்டுகிறவர்களின் பழக்கம். நெருக்கடி வரும்போது அந்த வளையம் விரிந்துவிடும்.

மோல்டு போடும் நாளுக்கு முந்தின நாள்

இந்த வேலையில் ஒரு பொறுப்பாளரின் தரம் முழுதாகத் தெரிவது கூரைத் தளம் (சைட் பேச்சில் ‘மோல்டு’) போடும் நாளில். அந்த நாள் எப்படிப் போகும் என்பது முந்தின நாள் மாலையிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் கணக்கு. தளம் 1,000 சதுர அடி, அதாவது 92.9 சதுர மீட்டர், கனம் 125 மி.மீ.: 11.6 கன மீட்டர். பீம்கள் மொத்தம் 58 மீட்டர் நீளம், 230 மி.மீ. அகலம், தளத்துக்குக் கீழே இறங்கும் பாகம் 255 மி.மீ.: 3.4 கன மீட்டர். ஆக 15 கன மீட்டர். எம்20 கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் 120 மூட்டை சிமென்ட். எம் சாண்ட் 6.3 கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 2¼ யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). முக்கால் ஜல்லி 12.6 கன மீட்டர், சுமார் 4½ யூனிட். சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுவார்கள். அடுத்த கணக்கு நேரம். ஒரு மூட்டை மிக்சரில் ஒரு கலவைக்கு 4 நிமிடம் வைத்தால் 120 கலவைக்கு 480 நிமிடம், 8 மணி நேரம். மே மாதம் காலை 5 மணிக்குத் தொடங்கினாலும் கத்திரி வெயிலின் உச்சியில்தான் முடியும். கொட்டும்போது கான்கிரீட் 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது. வேலூர் மே மாதத்தில் காற்றே அந்தச் சூட்டைத் தொடும். அதனால் இரண்டு மிக்சர் வேண்டும், அல்லது ரெடிமிக்ஸ் வேண்டும். பொறுப்பாளர் இரண்டு மிக்சர் கேட்டார். கான்ட்ராக்டரின் இன்னொரு சைட்டில் வேலை இருந்ததால் ஒன்றுதான் வந்தது. அந்தக் கேள்வியை அவர் எழுத்தில் கேட்டிருந்தார். அது பிறகு உதவியது.

மாலை 4 மணிக்கு கம்பி பார்வை. 6 அங்குல இடைவெளி என்றால் 10 அடிக்குள் 21 கம்பி இருக்க வேண்டும். டேப் வைத்து ஒவ்வொரு இடைவெளியாக அளப்பதைவிட எண்ணிப் பார்ப்பது வேகமும் உறுதியும். ஹாலில் எண்ணியபோது 18 வந்தது. மூன்று கம்பி சேர்க்கச் சொன்னார். ஒட்டு நீளம், அதாவது ஒரு கம்பியோடு அடுத்த கம்பி சேர்ந்து ஓடும் நீளம், அடுத்தது. எம்20 கான்கிரீட்டில் எஃப்.இ.500 கம்பிக்கு விட்டத்தைப்போல் 57 மடங்கு வேண்டும். 12 மி.மீ. கம்பிக்கு 684 மி.மீ., சுமார் 27 அங்குலம். கம்பி கட்டுகிறவர் வழக்கமாக விடுவது ஒன்றரை அடி. பீமின் அடிக்கம்பியை நடுவில் ஒட்டக்கூடாது, மேல்கம்பியைத் தூணருகே ஒட்டக்கூடாது. இழுவிசை அதிகமாக வரும் இடங்கள் அவை.

தளத்தின் கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக். அதற்குப் பதில் கம்பிக்கு அடியில் ஜல்லியைத் தள்ளி வைப்பது வழக்கம்தான், ஆனால் ஆள் மிதித்ததும் ஜல்லி உருண்டுவிடும். பிறகு கம்பி சென்ட்ரிங் ஷீட்டிலேயே (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுத் தகட்டிலேயே) படுத்துவிடும். சில வருடத்தில் அந்த வீட்டின் சீலிங்கில் கம்பி கோடுகோடாகத் துருவாகத் தெரியும்.

பால்கனி தனிக்கதை. 4 அடி நீட்டிக்கொண்டிருக்கும் தளத்துக்கு இழுவிசை மேலே. எனவே முக்கியக் கம்பியும் மேலே. 125 மி.மீ. கனத்தில் மேல்கவர் போக, அந்தக் கம்பி அடியிலிருந்து சுமார் 100 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கான்கிரீட் சட்டியோடு ஆட்கள் மிதித்து அது 60 மி.மீ. உயரத்துக்கு இறங்கினால் பால்கனியின் பலத்தில் சுமார் 40 சதவீதம் போய்விடும். மேலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பால்கனி விழுந்ததாக வரும் செய்திகளுக்குப் பின்னால் இந்த மிதி பலமுறை இருக்கிறது. இதற்குச் சேர் வைக்க வேண்டும். 12 மி.மீ. துண்டுக் கம்பியை வளைத்துச் செய்த நாற்காலிகள், மூன்று அடிக்கு ஒன்று. பால்கனியில் இரண்டு அடிக்கு ஒன்று. ஆட்கள் நடக்கச் சேர்மேல் பலகை போட வேண்டும். சேர் வைத்த பிறகு, கம்பி உயரத்தை ஸ்கேல் வைத்துக் காட்டி மூன்று படம் எடுத்தார்.

சென்ட்ரிங்கைத் தாங்கும் முட்டு கடைசி. 3 அடிக்கு 3 அடி இடைவெளி என்றால், பச்சைக் கான்கிரீட், ஆட்கள், ஷீட் எல்லாம் சேர்த்து ஒரு முட்டில் சுமார் 400 கிலோ. தரைத்தளம் இப்போதுதான் நிரப்பிய மண். அதன்மேல் முட்டு நேரடியாக நின்றால் இறங்கும்; 10 மி.மீ. இறங்கினாலும் தளம் தொப்பை போடும். முட்டின் அடியில் 2 அங்குலப் பலகை, குறுக்கே இரண்டு வரிசைக் கட்டு. அன்றிரவு கோடை மழை பெய்தால் விடியற்காலையில் முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஜல்லிமேல் தண்ணீர் தெளித்து, டிரம்களை நிழலில் வைத்து மூடிவிட்டுப் போனார்கள்.

இன்னும் ஒன்று. தளத்தின்மேல் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார். நடுவில் வேலை நின்றால் எங்கே நிறுத்துவது என்ற கோடு. ஸ்பானின் (இரண்டு தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரத்தின்) நடு மூன்றில் ஒரு பாகத்தில், நேராக. மேஸ்திரி கேட்டார்: “நிக்கும்னு ஏன் சார் நினைக்கறீங்க?” “நிக்காட்டி அழிச்சிடலாம் மேஸ்திரி.”

நின்றது

காலை 5:15க்கு மிக்சர் ஓடியது. 9:40க்கு 66ஆவது மூட்டையில் பெல்ட் அறுந்தது. உதிரி பெல்ட் இல்லை. முந்தின நாள் பட்டியலில் டீசல் இருந்தது, கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டருக்கு ஊசி இரண்டு இருந்தது, மிக்சர் பெல்ட் இல்லை. இது பொறுப்பாளரின் தவறு.

கோடு இருந்ததால் பதற்றம் குறைவு. போட்ட கான்கிரீட்டை அப்படியே சரிவாக விட்டு நிறுத்துவதுதான் சைட்டில் எளிது. பாயை விரித்ததுபோல் விளிம்பு மெலிந்து காயும். பிறகு போடுவது அதன்மேல் ஒட்டாது, அந்த வரியில்தான் மழைத்தண்ணீர் சொட்டும். கோட்டில் பலகை நிறுத்தி, கம்பி நுழைய வெட்டுவிட்டு, செங்குத்தாக முடித்தார்கள். போட்ட பாகத்தை ஈரச் சாக்கால் மூடினார்கள்.

பெல்ட் வந்து மிக்சர் தயாரானபோது மணி 12ஐத் தாண்டிவிட்டது. உச்சி வெயிலில் மறுபடி தொடங்காமல் 4 மணிவரை காத்திருந்தது நல்ல முடிவு. தொடங்கும் முன் பலகையை எடுத்து, விளிம்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மேலே படிந்த சிமென்ட் பாலை நீக்கி, நனைத்து, சிமென்ட் கரைசல் பூசினார்கள். கணக்குப்படி மீதி 54 மூட்டை 7:30 மணிக்கு முடிந்திருக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் முடிந்தபோது மணி 8:30.

மாலையில் இன்னொன்று நடந்தது. இருட்டில் மட்டப்பலகை ஓடவில்லை என்று ஓஸ் பைப்பைத் திருப்பி மிக்சரில் தண்ணீர் கூட்டினார்கள். பொறுப்பாளர் அப்போது மறுமுனையில் வைப்ரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால், மணலில் 5 சதவீத ஈரம் இருந்தாலே 4 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஊற்ற வேண்டியது 21தான். ஓஸ் பைப்புக்கு அளவு கிடையாது.

கியூப் சொன்னது, மூட்டை சொன்னது

கியூப் என்பது பலம் பார்க்க நசுக்கிச் சோதிக்கும் கான்கிரீட் கட்டி. 15 கன மீட்டருக்கு விதிப்படி இரண்டு மாதிரி போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 28 நாளுக்கு 3 கியூப், 7 நாளுக்கு 3 கியூப், ஆக 12. மிக்சர் வாயிலிருந்து நேராக எடுத்தவை. ‘நல்ல கலவை’ என்று தனியாகப் போட்டு எடுத்தால் சோதனைக்கே அர்த்தமில்லை.

150 மி.மீ. கியூபின் பரப்பு 22,500 சதுர மி.மீ. எம்20 என்றால் 28 நாளில் 450 கிலோ நியூட்டனைத் தாங்க வேண்டும். 7 நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வரும், பி.பி.சி. சிமென்ட்டில் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கலாம். 7ஆம் நாள் காலைக் கியூப்கள் சராசரி 328, மாலைக் கியூப்கள் 272. வித்தியாசத்தைக் கண்டதும் பொறுப்பாளருக்கு ஓஸ் பைப் நினைவுக்கு வந்தது. அதை மறைக்காமல், தாளோடு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போனார். அவர் சொன்னது: 28 நாள் முடிவு வரும்வரை மாலைப் பாகத்தில் முட்டுகளை எடுக்க வேண்டாம், தண்ணீர் கட்டுவதை 14 நாளாக்குங்கள்.

முட்டு எடுக்கும் நாட்களைப் பற்றிச் சைட்டுகளில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஐ.எஸ். 456 சொல்லும் நாட்கள், 4.5 மீட்டர்வரை உள்ள தளத்துக்கு 7, அதற்கு மேல் 14, 6 மீட்டர்வரை உள்ள பீமுக்கு 14, அதற்கு மேல் 21, சாதாரண ஓ.பி.சி. சிமென்ட்டுக்கானவை. பி.பி.சி. மெதுவாக இறுகும், நாட்களைக் கூட்ட வேண்டும். சென்ட்ரிங்காரர் அடுத்த சைட்டுக்கு ஷீட் வேண்டுமென்று 8ஆம் நாளே வந்து நிற்பார். அவர் கேட்பது அவர் பிழைப்புக்கு. பதில் சொல்ல வேண்டியது பொறுப்பாளர்.

28ஆம் நாள் மாலைக் கியூப்கள் 479 காட்டின. முட்டு எடுக்க அனுமதி வந்தது. ஹாலில் நடுவிலிருந்து ஓரத்துக்கும், பால்கனியில் நுனியிலிருந்து சுவரை நோக்கியும் எடுத்தார்கள். பால்கனியைச் சுவர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால், நுனியில் நிற்கும் முட்டு அதைச் சாதாரணத் தளம்போல் வளைய வைக்கும். அப்படி வளைவதற்கு அங்கே அடியில் கம்பி இல்லை.

இனி மூட்டைக் கணக்கு. கணக்கிட்டது 120, செலவானது 133. பல சைட்டில் இதை ‘சேதாரம்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள், அல்லது சிமென்ட் வெளியே போய்விட்டதோ என்று வாட்ச்மேனைச் சந்தேகிப்பார்கள். பொறுப்பாளர் படிக்கட்டு வெட்டு விளிம்பிலும் குழாய்த் துளைகளிலும் கனத்தை அளந்தார். 125 வர வேண்டிய இடத்தில் 140. 15 மி.மீ. கூடுதல், 92.9 சதுர மீட்டரில் 1.4 கன மீட்டர், 11 மூட்டை. மாலை ஒரு மணி நேரம் கூடிப்போனதற்கும் அதுவே காரணம். மீதி இரண்டு மூட்டைதான் உண்மையான சேதாரம். அந்த 1.4 கன மீட்டர் 3½ டன் எடை. பீம்கள் அதைக் காலத்துக்கும் சுமக்கும். அதையும் எழுதி இன்ஜினியருக்குக் கொடுத்தார், அவர் கணக்குப் பார்த்து ஏற்றுக்கொண்டார்.

காரணம் எளியது. மட்டக் குறி தூண்கம்பியில் மட்டும் இருந்தது, தளத்தின் நடுவே கனம் காட்டும் கட்டை எதுவும் வைக்கவில்லை.

நாட்குறிப்பும் பதவியும்

இந்த வீட்டில் நடந்த தவறுகள் நான்கு: உதிரி பெல்ட் இல்லாதது, ஓஸ் பைப், கனக் கட்டை வைக்காதது, முன்பக்க மண்ணை மனை பார்க்கும்போதே சோதிக்காதது. ஒன்றும் அபூர்வமானதல்ல. அபூர்வமானது, நான்கும் தேதியோடு எழுதப்பட்டிருந்தது. கான்ட்ராக்டர் ‘ஏன் ராத்திரிவரை இழுத்தீங்க’ என்று கேட்டபோது, இரண்டு மிக்சர் கேட்ட செய்தி இருந்தது. வீட்டுக்காரர் ‘மாலைக் கான்கிரீட் மட்டமா’ என்று கேட்டபோது, 479 என்ற எண் இருந்தது.

நாட்குறிப்பில் எழுத வேண்டியவை அதிகமில்லை. வந்த ஆட்கள் எத்தனை, கொத்தனார், பெரியாள், சித்தாள் தனித்தனியாக. வந்த சரக்கு, லாரி எண்ணோடு. செய்த வேலை, அளவோடு. மழை, வெயில். யார் வந்தார், என்ன சொன்னார். எது மூடப்பட்டது, மூடும் முன் பார்த்தவர் யார். கடைசி வரிதான் உயிர். மாலை 6 மணிக்கு 15 நிமிடம் போதும். இரவு படுக்கையில் நினைவிலிருந்து எழுதினால் எண்கள் மாறிவிடும்.

இந்தத் தொழிலுக்கு வரும் வழிகள் இந்த வட்டாரத்தில் பல. பத்தாவது முடித்து வேலூர் தந்தை பெரியார் ஈ.வெ.ரா. அரசு பாலிடெக்னிக் போன்ற இடத்தில் மூன்று வருட டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை; டிப்ளமோக்காரருக்கு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை. பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கொத்தனாராக இருந்து வரைபடம் வாசிக்கக் கற்று மேலே வந்தவர்களும் உண்டு. வேலையின் மணம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். படித்து வருகிறவர் அவர்களிடம் முதல் வருடம் மாணவராக இருப்பது நல்லது, கரணை பிடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

முதல் இரண்டு வருடத்தில் கைக்கு வர வேண்டியவை: மையக்கோடு குறிப்பது, 3-4-5 அளவில் மூலை சரிபார்த்து மூலைவிட்டம் இரண்டையும் ஒப்பிடுவது, மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை ஓட்டுவது, கம்பி வளைவுப் பட்டியல் போடுவது. விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மி.மீ.க்கு சுமார் 0.89. இதை மனதில் வைத்திருப்பவருக்கு லாரி எடைச்சீட்டைப் பார்த்ததும் தப்பு தெரிந்துவிடும். அடுத்த மூன்று வருடத்தில் பில் போடுவது, வார வேலைத் திட்டம், எலெக்ட்ரிகல், பிளம்பிங் ஆட்களை ஒருவர் வேலையை ஒருவர் உடைக்காமல் நடத்துவது. வடமாநிலத் தொழிலாளர்கள் இல்லாத பெரிய சைட் இப்போது குறைவு; ‘ருக்கோ’ (நில்லு), ‘நீச்சே ஆத்மி ஹை’ (கீழே ஆள் இருக்கு) அளவுக்காவது இந்தி தெரிந்தால் ஒரு கை தப்பும்.

வீட்டு வேலையிலேயே இருந்தால் வளர்ச்சி ஓரிடத்தில் நின்றுவிடும் என்பது எங்கள் கருத்து. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஷெட் வேலைக்குப் போனால் ஆங்கர் போல்ட், அதாவது இரும்புத் தூணைக் கடைக்காலோடு பிடிக்கும் போல்ட், புது உலகம். இரும்புத் தூணின் துளை தொழிற்சாலையிலேயே போட்டு வரும். போல்ட் சில மி.மீ. நகர்ந்தாலும் கிரேன் வாடகை ஓட ஓட அனைவரும் நிற்பார்கள். எனவே இரும்புத் தகடு டெம்ப்ளேட் இல்லாமல் கான்கிரீட் போடக்கூடாது. சாலை வேலையில் அடுக்கடுக்காக இறுக்கம் சோதிக்க வேண்டும். ராணிப்பேட்டை மாவட்டம் வழியாகப் போகும் சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை போன்ற வேலைகளில் ஒவ்வொரு அடுக்கும் சோதனைத்தாள் இல்லாமல் மேலே நகராது. மூடும் முன் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு அந்த ஒழுங்கு பாரமாக இருக்காது.

சம்பளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை உயர்த்துவது ஒன்று, ‘இவரிடம் விட்டுவிட்டு நாம் வேறு சைட் பார்க்கலாம்’ என்று முதலாளி நினைப்பது. அதைக் கெடுப்பவை இரண்டு. பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடுவது. சரக்குக் கடையில் கமிஷன் வாங்குவது. வாங்கியவர் அந்தக் கடையின் மட்டச் சரக்கைத் திருப்பி அனுப்ப முடியாது. தொழிலாளரை நடத்தும் விதமும் உண்டு. சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமை மாலையே கைக்குப் போக வேண்டும், சித்தாள் பெண்களுக்கு மறைவான கழிப்பிடம் முதல் நாளே வேண்டும், நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்களுக்குப் பதிவு செய்ய ஒரு நாள் விட வேண்டும். இதைச் செய்கிறவர் அடுத்த சைட் எடுத்தால் ஆட்கள் கேட்காமலே பின்னால் வருவார்கள். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய தகுதிச்சான்று இல்லை.

மாடித் தளம்

ஜூலையில் மாடித் தளம் போட்டார்கள். பொறுப்பாளருக்கு இப்போது உதவியாக ஒரு பயிற்சி மாணவர். மிக்சர் இரண்டு, உதிரி பெல்ட் இரண்டு. தளத்தில் ஆறடிக்கு ஒன்றாக 125 மி.மீ. கனக் கட்டைகள், கான்கிரீட் மட்டமானதும் பிடுங்கிவிடுவதற்கு. ஓஸ் பைப் மிக்சரிலிருந்து எடுக்கப்பட்டு, உள்ளே 21 லிட்டர் கோடு போட்ட டிரம் வைக்கப்பட்டது. டிரம் அருகில் நின்று கலவைகளை எண்ணும் வேலை மாணவருக்கு. சாக்பீஸ் கோடுகளை இந்த முறை மேஸ்திரியே போட்டார்.

காலை 5:30க்குத் தொடங்கி 10 மணிக்கு முன் முடிந்தது. கோடுகள் தேவைப்படவில்லை. வெயிலுக்கு முன் ஈரச் சாக்கு விரித்தாயிற்று, மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். அன்று மாலை மாணவர் எழுதிய பக்கத்தில் சிமென்ட் 122 மூட்டை என்று இருந்தது. அதற்குக் கீழே, ‘பால்கனி மேல்கம்பி, 5 இடத்தில் அளந்தது: 100, 98, 101, 99, 100 மி.மீ. மூடும் முன் பார்த்தவர்’ என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். பொறுப்பாளர் பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அளந்தது அவர்தான்.